சென்ற ஆண்டில் படித்தவற்றுள் உங்களை நிறுத்தி வைத்த நூல் எது?

குடந்தை வாசகன்:
சென்ற ஆண்டு நான் படித்து முடித்தவை ஒன்பது நூல்கள்தாம், அவற்றுள் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' மட்டும் நான்கு மாதங்களை எடுத்துக்கொண்டது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்து, ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. 1880இல், கும்பகோணம் கல்லூரியின் இளம் தமிழாசிரியராக, அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் செல்லும் பகுதியை மூன்று முறை படித்தேன். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் எதற்கும் அசைந்து கொடுக்காமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கு அந்த நூல் அதுவரை கண்ணில் பட்டதில்லை! அந்தக் கூச்சத்தை முதுமையில் மறைக்காமல் எழுதிவைத்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தவரும் அவரே. உங்களை அவ்வாறு நிறுத்திய நூல் எது? பட்டியல் வேண்டாம், ஒரு நூலும் அதில் ஓர் இடமும் போதும்.

மாசி வீதி:
ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இருமுறை தொடங்கி, மலாய்ச் சொற்களுக்குப் பொருள் தேடியே களைத்து மூடி வைத்த நாவல். மூன்றாம் முறை, புரியாத சொல்லை அப்படியே விட்டுவிட்டு மேலே போகலாம் என்று முடிவு செய்த பிறகு, ஐந்தே நாளில் முடிந்தது. ஜப்பானியப் படை இந்தோனேசியாவின் மேடான் நகருக்குள் நுழையும் தொடக்கமும், தோணி புயலில் சிக்கும் பகுதியும் பலரும் புகழ்பவை. எனக்கோ, கடல் கடந்த ஊரில் இருந்துகொண்டு நாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்களே நெருக்கமானவை. தினமும் அவ்வழியே வண்டி ஓட்டிச் செல்பவன் நான், ஆனால் அவன் அளவுக்குப் பார்த்ததில்லை.

இரவல் அட்டை:
அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1947, 1948 ஆண்டுகளின் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் சந்திரசேகரனை, குரல் உயர்த்தாத நடையிலேயே கலவரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார். நூலகத்தில் எடுத்த பிரதியில் கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். பத்து நாள் காத்திருந்து, விலைக்கு வாங்கித்தான் முடிவைத் தெரிந்துகொண்டேன். இங்கே சொல்ல மாட்டேன்; படிக்காதவர்கள் கடைசித் தாள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்:
எல்லாரும் பழைய நூல்களையே சொல்கிறீர்கள் என்பதால் 2016இல் வந்த ஒன்றைச் சொல்கிறேன்: சோ. தர்மனின் 'சூல்'. கண்மாயைத் தம் உயிராகக் காத்த ஊர் அதை மெல்ல மெல்ல இழக்கும் கதை. சில இடங்களில் கிளைக்கதைகள் அளவுக்கு மிஞ்சிப் போகின்றன என்பது என் குறை. ஆயினும் படித்து முடித்த மறுநாள் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குப் போனேன். மடை இருந்த இடத்தைச் சீமைக்கருவேலம் மூடியிருந்ததால், கூட வந்த சித்தப்பா கம்பால் முள்ளை விலக்கித்தான் கல்லைக் காட்ட முடிந்தது.

குடந்தை வாசகன்:
'சூல்' நாவலை எடுத்து வைத்துவிட்டேன். மாசி வீதி ஐயா, சிங்காரத்தை நானும் ஒருமுறை பாதியில் விட்டவன்தான்; உங்கள் வழியில் சொற்பொருள் தேடாமல் மீண்டும் தொடங்குகிறேன்.