கெட் கையில் விழும்வரை

வடலண்டனிலிருந்து:
அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு யூதப் பெண். 2019-ல் விவாகரத்துக்கு மனுப் போட்டாள். "சீக்கிரம் முடிந்துவிடும், கேக் நான் வாங்குகிறேன்" என்றேன். சிரித்தாள். "கோர்ட் தாள் வந்தால் என்ன? கெட் வராதவரை நான் அவன் பெண்டாட்டிதான்."

கெட் என்பது புருஷன் தானே விரும்பி எழுதச் சொல்லி மனைவியின் கையில் கொடுக்கும் விலக்குச் சீட்டு. ரபிகள், அதாவது யூதக் குருமார், கூடி உட்கார்ந்தாலும் விலக்குவது அவர்கள் இல்லை, அவன்தான். அவன் மறுத்தால் அவள் 'அகுணா', அதாவது கட்டிப்போடப்பட்டவள். அந்த நிலையில் வேறொரு யூதனோடு பிள்ளை பெற்றால் பிள்ளைக்கு 'மம்சேர்' என்ற முத்திரை. பெரும்பாலான யூதர்களைக் கல்யாணம் செய்ய வழியில்லை. சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் ரபி கெர்ஷோம் போட்ட தடையால், பெண் சம்மதிக்காமலும் கெட் கொடுக்க முடியாது. சமமாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். எங்கே! ஆணுக்கு நூறு ரபிகளிடம் கையெழுத்து வாங்கி மறுமணம் செய்யும் பக்கவாசல் ஒன்று இருக்கிறதாம்.

இவள் புருஷன் கேட்ட விலை, வீட்டில் அவள் பங்கு. இரண்டு வருடம் இழுத்தான். கடைசியில் வக்கீல் 2002-ல் வந்த சட்டத்தை எடுத்தார். சமய விலக்கு முடியும்வரை சிவில் விவாகரத்தின் இறுதித் தீர்ப்பை நிறுத்திவைக்க நீதிபதிக்கு அதில் அதிகாரம் உண்டு. அவனுக்கும் வேறு கல்யாணம் செய்யும் அவசரம் இருந்தது, அதனால் பலித்தது. அவசரமில்லாத ஆளிடம் இந்தச் சட்டம் பலிக்காது.

கெட் வாங்கும் நாளில் துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி ஓர் அறை. எழுதுபவர் இறகுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பேர் விசாரிக்கவே அரைமணி நேரம்: அப்பா பேர், செல்லப்பேர், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள். பேரில் பிழை வந்தால் சீட்டே செல்லாமல் போகலாமாம். ஊரை ஆற்றோடு சேர்த்து எழுதுகிறார்கள், லண்டன் என்றால் தேம்ஸ். நம்மூர்ப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது ஞாபகம் வந்தது. அராமிக் மொழியில் மொத்தம் 12 வரி, கீழே இரண்டு சாட்சிகள்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள். அவள் எட்டிப் பிடிக்கக் கூடாது. அவன்தான் போட வேண்டும். போட்டான். கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவுவரை நடந்து திரும்பினாள். ரபி அதை வாங்கிக் கீறினார், மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி. அவளுக்கு மிஞ்சியது ஒரு சான்றிதழ். மறுமணம் என்றால் மூன்று மாதம் போக வேண்டும்.

இஸ்ரேலின் ரெஹோவோத்திலிருந்து:
அக்கா, உங்களுக்காவது சிவில், சமயம் என்று இரண்டு கதவு. ஆராய்ச்சிக்காக இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. இஸ்ரேலில் யூதர்களுக்குச் சிவில் கல்யாணமே கிடையாது. 1953 சட்டப்படி கல்யாணமும் விலக்கும் ரபிகளின் நீதிமன்றத்தில்தான். ஆனால் 1995-ல் வந்த சட்டத்தால், கெட் கொடுக்கச் சொல்லியும் கேட்காதவனின் லைசென்ஸைப் பிடுங்கலாம், நாட்டைவிட்டுப் போகாமல் தடுக்கலாம், சிறையிலும் போடலாம். மாடிவீட்டு அம்மாவின் மருமகன் ஜெயிலுக்கு அசையாத ஆள். லைசென்ஸ் போனதும் மூன்றே வாரத்தில் வந்து நின்றான். வேலை டெலிவரி வண்டி ஓட்டுவது!

நியூஜெர்சியிலிருந்து:
என் டீமில் ஒரு யூதப் பையன் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் போட்டான். பிரிந்த பிறகு கெட் தராமல் இழுத்தால், பெண்ணுக்கு ஒருநாளைக்கு 150 டாலர் ஜீவனாம்சம். "கல்யாணத்துக்கு முன்னாலேயே பிரிவைப் பற்றிப் பேச்சா" என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. பெண்ணோ, "கையெழுத்துப் போடாவிட்டால் கல்யாணமே இல்லை என்று சொன்னேன்" என்றாள்.

லண்டன் அக்கா, அந்த வீடு என்ன ஆச்சு?

வடலண்டனிலிருந்து:
வீடு தப்பியது. வக்கீல் பீஸுக்குக் காரை விற்றாள். இப்போது தினமும் என்னோடு பஸ்ஸில்தான் வருகிறாள்.