தைல பாட்டிலுக்கு எந்த எச்சரிக்கை போதும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் சின்னக் கடை வைத்து நீலகிரித் தைலம், சோப்பு, மெழுகுவத்தி விற்கிறோம். மொத்தமாக வாங்கும் வெளியூர்க்காரர் ஒருவர் எல்லாவற்றிலும் அபாயப் படம் ஒட்டச் சொல்கிறார், சோப்பில்கூட மண்டையோடு!

தைலத்துக்கு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். அது எளிதில் தீப்பிடிக்கும், குழந்தை கொஞ்சம் குடித்துவிட்டாலே வலிப்பு வரைக்கும் போகலாம். ஆனால் சோப்பிலும் அதே படம் இருந்தால் தைலத்தில் இருப்பதை யார் மதிப்பார்கள்? கலிபோர்னியாவில் 1986-இல் வந்த சட்டத்தால் காபிக்கடை வரைக்கும் புற்றுநோய் எச்சரிக்கை தொங்கியது, பழகிப்போனால் கண்ணில் படாது. இங்கே தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள் நிறைய பேர், டப்பாவில் சிவப்பு முக்கோணம் என்றால் மிகக் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்கு அந்த நிறம்தான் காவல், அது மழுங்கிவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

லேபிள் வேலை தெரிந்தவர்கள், மருந்தாளுநர்கள் யாராவது இருக்கிறீர்களா? தைலத்துக்குத் தீச்சுடர் படமும் "குடிக்கக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்" என்ற பெரிய எழுத்தும் போதுமா? சோப்பில் சட்டப்படி என்ன போட வேண்டும்? அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.