மறு: மறு: 'ஹைப்பர் ஃபிளாஷ்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> கார் இண்டிகேட்டரில் பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டால் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கிறது. ஆங்கிலத்தில் இது ஹைப்பர் ஃபிளாஷ். எலக்ட்ரீஷியன் வேலை பழகும் பையன்களுக்கான கையேட்டில் இதை எப்படி எழுதுவது?

திருவொற்றியூர்த் தம்பியின் இந்தக் கேள்விக்கு இதுவரை மீச்சிமிட்டல், மிகைச்சிமிட்டல், அதிவேக மினுக்கம், எல்.இ.டி. சிமிட்டல் என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. கடைசியைத் தவிர மற்ற மூன்றும் 'ஹைப்பர்' என்ற முன்னொட்டைத் தமிழாக்குவதிலேயே குறியாக இருக்கின்றன. வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் சொல் தேடலாம் என்பது என் கட்சி.

சாதாரண இண்டிகேட்டர் பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் ஒன்றுக்கு 1.75 ஆம்பியர் இழுக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் 5 வாட் குட்டி பல்பு ஒன்று என்று ஒரு பக்கத்துக்கு மொத்தம் 47 வாட், ஏறக்குறைய 4 ஆம்பியர். விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் கருவியான ஃபிளாஷருக்குள் ஒரு சின்னஞ்சிறு மின்தடை இருக்கிறது. அதன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதை உள்ளேயிருக்கும் சுற்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் ஓட்டம் குறையும். உடனே ஃபிளாஷர் தன் வேகத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிடும். ஓட்டுநர் இறங்கிப் போய் விளக்கைப் பார்க்கப் போவதில்லை, ஆனால் டேஷ்போர்டில் 'டிக் டிக்' சத்தம் மாறினால் காதில் விழும். அதற்காகச் செய்த ஏற்பாடு அது.

எல்.இ.டி. பல்பு இழுப்பது சில வாட்தான். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் பல்பைப் பார்த்தே 'பல்பு போச்சு' என்று ஃபிளாஷர் முடிவுகட்டிவிடுகிறது. ஆக இதில் 'மீ'யும் இல்லை, 'மிகை'யும் இல்லை. திருடனே வராதபோது வந்துவிட்டான் என்று நாய் குரைக்கிறதே, அந்த மாதிரி ஒரு வீண் எச்சரிக்கை.

'மீ' பற்றி இன்னொரு குறையும் உண்டு. மீயொலியில் அது அல்ட்ரா, மீகடத்தியில் சூப்பர், மீத்தொடுப்பில் ஹைப்பர். ஏற்கெனவே மூன்று முன்னொட்டுகளுக்கு ஒரே எழுத்து மாரடித்துக்கொண்டிருக்கிறது. காரின் பின்விளக்குக்கும் அதையே இழுத்துவர வேண்டாம்.

'எல்.இ.டி. சிமிட்டல்' ஏன் ஆகாது என்று கேட்டால், காசிமேட்டில் இரண்டு வருஷம் வெளியில் நிறுத்திய எந்த வண்டியின் பின்விளக்கையும் கழற்றிப் பாருங்கள் என்பேன். உப்புக்காற்றில் பல்பு ஹோல்டருக்குள் பச்சை பூத்திருக்கும், எர்த் ஒயரின் முனை பொடியாக உதிரும். கம்பி இழை பல்பு அப்படியே இருக்க, எர்த் சரியாகக் கிடைக்காததால் இதே வேகத்தில் அடிக்கும். அங்கே எல்.இ.டி. எங்கிருந்து வந்தது? பையன் கையேட்டைப் படித்துவிட்டு எல்.இ.டி.யைத் தேடிக்கொண்டிருப்பான், கோளாறு எர்த்தில் இருக்கும்.

'மினுக்கம்' என்பதை ஒட்டி ஃபிளாஷருக்கு 'மினுக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அய்யா, அந்தச் சொல்லைப் புளியந்தோப்பு ஒர்க்‌ஷாப்பில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் யாரைத் திட்டுகிறீர்கள் என்று எட்டிப் பார்ப்பார். ஃபிளாஷருக்குச் 'சிமிட்டி' போதும்.

சரி, என் சொல். நம் பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் இந்தக் கோளாறோடு போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "படபடன்னு அடிக்குதா?" என்பதுதான். சொல் அவர் வாயிலேயே இருக்கிறது: படபடப்பு. கையேட்டில் 'இண்டிகேட்டர் படபடப்பு' என்று தலைப்புப் போடலாம். தூய தமிழ் வேண்டுவோர் 'சைகை விளக்குப் படபடப்பு' எனலாம். திசைகாட்டி மட்டும் வேண்டாம், அது கப்பல்காரர்களின் சொத்து.

அதற்குக் காரணமான நிலைக்கு, அதாவது விளக்குகள் இழுக்கும் மின்னோட்டம் குறைந்துபோவதற்கு, தனிச்சொல் தேவை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 'பளு மின்தடை' என்று படித்திருக்கிறோம். ஆகவே பளுக்குறை. பளுக்குறை காரணம், படபடப்பு அறிகுறி. இரண்டையும் பிரித்து வைக்க வலுவான காரணம் இருக்கிறது. அம்பாசடர் காலத்துச் சிமிட்டியில் ஈருலோகப் பட்டை இருந்தது. மின்னோட்டத்தில் சூடாகி வளைந்து தொடுப்பை விடும், ஆறியதும் மறுபடி தொடும். அதில் எல்.இ.டி. போட்டால் பட்டை சூடேறவே போதிய ஓட்டம் இருக்காது. விளக்கு சிமிட்டாமல் விடாமல் எரிந்துகொண்டே நிற்கும். அங்கே பளுக்குறை உண்டு, படபடப்பு இல்லை. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் இது பிடிபடாது.

அடுத்து, படபடப்பை நிறுத்த எல்.இ.டி. பல்போடு சேர்த்து மாட்டும் 'லோட் ரெசிஸ்டர்'. சுமைத்தடை என்று ஒருவரும் பளுத்தடை என்று இன்னொருவரும் தந்திருந்தார்கள். இரண்டையும் கேட்டால் லாரியில் சுமை ஏற்றத் தடை போட்டதுபோல இருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் ஓட்டுபவர் நிச்சயம் அப்படித்தான் படிப்பார். அந்தப் பாகம் செய்யும் வேலை என்ன? 21 வாட் பல்பு இன்னும் இருப்பதாகச் சிமிட்டியிடம் நடிக்கிறது. மரக்காலைப் பொய்க்கால் என்கிறோம். இதை பொய்ப்பளு என்போம்.

பொய்யானாலும் சூடு நிஜம். கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டியது இதுதான். கடையில் கிடைக்கும் பொய்ப்பளு பெரும்பாலும் 6 ஓம், 50 வாட் என்று எழுதிய பொன்னிறக் கட்டி. பல்புக்கு இணையாக, அதாவது பல்பின் இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே இணைக்க வேண்டும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், 24 வாட். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14-ஐ நெருங்கும், அப்போது 30 வாட்டைத் தாண்டும். இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிவதால் சராசரி பாதிதான். ஆனாலும் வண்டி நடுவழியில் நின்று நான்கு விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் கை வைக்க முடியாத சூடு. பிளாஸ்டிக் விளக்குக்கூட்டின் மேலோ, ஒயர் கட்டின் மேலோ டேப் போட்டு ஒட்டவே கூடாது. தகரத்தில் ஸ்குரூ போட்டு முடுக்க வேண்டும்.

எனக்குப் பொய்ப்பளுவே பிடிக்காது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்.இ.டி. வாங்கி, மிச்சத்தைச் சூடாக்கித் தகரத்துக்குக் கொடுப்பது என்ன கணக்கு? தனிச் சிமிட்டி உள்ள வண்டி என்றால், பளுவைப் பார்க்காத எல்.இ.டி. சிமிட்டியை மாட்டிவிடுவது சுத்தமான வேலை. மூன்று பின் உள்ளதில் பி (பேட்டரி), எல் (விளக்கு), இ (எர்த்) எழுத்துகளின் வரிசை எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றல்ல, பார்த்துச் செருக வேண்டும். புது கார்களில் தனிச் சிமிட்டியே கிடையாது. விளக்கு முதலியவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூல்தான் அந்த வேலையையும் பார்க்கிறது. அங்கே பொய்ப்பளுவைத் தவிர வழி குறைவு.

படபடப்போடு அப்படியே ஓட்டலாமா என்றால், கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 102-ஆவது விதிப்படி இண்டிகேட்டர் ஆம்பர் (செம்மஞ்சள்) நிறத்தில், நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல் 120-க்கு மிகாமல் சிமிட்ட வேண்டும். படபடப்பில் அது 120-ஐத் தாண்டிவிடும். நிறத்தையும் கையேட்டில் ஒரு வரியில் சேருங்கள். ஆம்பர் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் வெளிறித் தெரியும், ஆம்பர் எல்.இ.டி.யே போட வேண்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து

---

அன்பரே,

பொய்ப்பளுவுக்கு என் முழு வாக்கு. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த காலத்தில் இது கையில் இருந்திருந்தால் 'டம்மி லோட்' என்று கரும்பலகையில் எழுதியிருக்க மாட்டேன்.

'படபடப்பு'தான் இடிக்கிறது. மருத்துவத்தில் நெஞ்சுப் படபடப்பு என்று ஏற்கெனவே குடியேறிவிட்டது. மேலும் இரட்டைக்கிளவியைக் கலைச்சொல்லாக்கினால் விளையாட்டாக இருக்காதா? 'விரைசிமிட்டல்' என்றால் அடக்கமாக இருக்கிறது, அகராதியில் 'சிமிட்டி', 'சிமிட்டல்' வரிசையிலும் வந்துவிடும்.

வியாசர்பாடியிலிருந்து

---

அய்யா, மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு சொல்வதும் மெக்கானிக் டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டு சொல்வதும் குழம்பாது. 'அழுத்தம்' என்று ரத்தத்துக்கும் டயருக்கும் சேர்த்துத்தானே சொல்கிறோம். இரட்டைக்கிளவியில் பிறந்த பெயர் நமக்குப் புதிதும் இல்லை, கிலுகிலுப்பையும் குடுகுடுப்பையும் அப்படி வந்தவைதானே. விரைசிமிட்டல் எழுத்தில் அழகு. ஆனால் ஜாக்கி போட்டு வண்டிக்கடியில் படுத்திருப்பவரிடம் மேலேயிருந்து கத்திச் சொல்ல வேண்டியிருக்கும்போது 'படபடப்பு' ஒன்றுதான் காதில் சரியாக விழும். வேண்டுமானால் விரைசிமிட்டலை அடைப்புக்குள் இணைச்சொல்லாகக் கொடுத்துவிடலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து

---

அண்ணே, அய்யா, இருவருக்கும் நன்றி. சிமிட்டி, பளுக்குறை, படபடப்பு, பொய்ப்பளு நான்கையும் கையேட்டில் ஏற்றிவிட்டேன். விரைசிமிட்டல் படபடப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று மாட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் பைக்குகளே அதிகம். பல பைக்குகளில் மீட்டரில் ஒரே ஒரு அம்புக்குறி விளக்குதான். அது இடப்பக்க ஒயருக்கும் வலப்பக்க ஒயருக்கும் நடுவில் தொங்கும். இடது போட்டால் அந்தக் குட்டி விளக்கு வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் வலப்பக்க பல்புக்குப் போய் எர்த் ஆகும். பழைய பல்பு அந்தத் துளி ஓட்டத்துக்கு எரியாது, எல்.இ.டி. ஒளிர்ந்துவிடும். இடது போட்டால் நான்கும் சேர்ந்து அடிக்கும். சிமிட்டியை மாற்றினாலும் போகாது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போட்டு, மீட்டர் விளக்கின் மறுமுனையை எர்த் செய்தால்தான் போகும்.

இது படபடப்பு அல்ல, பளுக்குறையும் அல்ல. 'எதிர்க்கசிவு' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். கசிவு என்றால் பையன்கள் இன்சுலேஷன் போய்விட்டது என்று ஒயரை உரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பதுதான் பயம். வேறு இருந்தால் அனுப்புங்கள், அச்சுக்கு இன்னும் கொடுக்கவில்லை.

திருவொற்றியூரிலிருந்து