பிகானேர் முதல் பார்மர் வரை: வழியில் யாரைப் பார்த்தீங்க?

கோவை டஸ்டர்

நம்ம கார் சங்கம் ராஜஸ்தான் பாலைவனத்தைச் சுத்தி வந்த போட்டோ போதும்ங்க. ஜூனாகர் கோட்டை வாசல்ல வண்டிகளை வரிசையா நிறுத்தினது, ஜெய்சால்மர் கோட்டை ராத்திரி வெளிச்சத்துல, சாம் மணல்மேட்டுல சூரியன் இறங்கினது எல்லாம் குரூப்புல கொட்டிக் கிடக்குது. கோட்டையைப் பத்தி யாரும் எழுத வேண்டாம். வழியில எதிர்ப்பட்டவங்களைப் பத்தி எழுதுங்க. மனுசன், ஆடு, ஒட்டகம், பறவை, எதுவானாலும் சரி.

வர முடியாதவங்களுக்காக ரூட்டு: அகமதாபாத் தாண்டி பாலி, ஜோத்பூர், நாகௌர் வழியா பிகானேர். அங்கிருந்து பலோதி, பொக்ரான், ஜெய்சால்மர். ஒரு சுத்து ராம்கர், தனோட், லோங்கேவாலா. அப்புறம் குரி, பார்மர், தெற்கே இறங்கி குஜராத். முன்னாடி சிவப்பு மஹிந்திரா தார் வண்டி, நடுவுல மத்தவங்க, கடைசியில நான். ஜனவரிங்கறதால பகல்ல ஏசி தேவைப்படலை, ராத்திரி ஹீட்டர் இல்லாம முடியலை.

கடைசி வண்டிக்கு ஒரு லாபம் இருக்குங்க. முன்னாடி போற வண்டிகளைப் பார்த்து ஊர்க்காரங்க எந்திரிச்சு ரோட்டுக்கு வர்றதுக்கும், நான் அங்க போய்ச் சேர்றதுக்கும் சரியா இருக்கும். நாகௌர் தாண்டி ஒரு செம்மறிக் கூட்டம் ரோட்டைக் கடந்துட்டு இருந்துச்சு. எஞ்சினை அணைச்சிட்டு உக்காந்தேன். மேய்ச்சல்காரர் சிவப்புத் தலைப்பா, காதுல கடுக்கன், தோள்ல குறுக்கா ஒரு கம்பு. ரைக்கா சமூகத்தார், பரம்பரையா ஒட்டகமும் ஆடும் மேய்க்கறவங்க. தண்ணி கேப்பார்னு பாட்டிலை நீட்டினேன். வேண்டாம்னுட்டு, நம்பர் பிளேட்டை ஒரு பார்வை பார்த்துட்டுக் கேட்டார்: "வந்த வழியில எங்கயாச்சும் மழை பேஞ்சிருக்கா? புல்லு இருக்கா?"

2000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டு வந்திருக்கேன். டோல் எங்கே, நல்ல டீ எங்கே, ரோடு எங்கே மோசம்னு கேட்டிருந்தா ஒப்பிச்சிருப்பேன். பாலி பக்கம் கொஞ்சம் பச்சையாத் தெரிஞ்சுதுன்னு சொன்னேன். எந்தக் கை பக்கம்னு அடுத்த கேள்வி வந்துச்சு பாருங்க, முழிச்சேன்.

சென்னை போலோ

சாமி, பேய் எதுவும் நம்புற ஆள் நான் இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா பாலிக்கும் ஜோத்பூருக்கும் நடுவுல ஓம் பன்னா கோயில்ல எல்லாரும் நிறுத்தினாங்க, நானும் நிறுத்தினேன். கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒரு 350 சிசி புல்லட். ஆர்என்ஜே 7773. மாலையும் சிவப்புக் கயிறுமா மூடிக் கிடக்கு. 1988ல அந்த இடத்துல மரத்துல மோதி இறந்துபோன ஓம் சிங் ராத்தோரோட வண்டி. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன வண்டி விடியறதுக்குள்ள விபத்து நடந்த இடத்துக்கே திரும்பி வந்துடுச்சாம். பெட்ரோலைக் காலி பண்ணிச் சங்கிலி போட்டும் நிக்கலையாம். கதை அப்படி.

ஊதுபத்தி ஒரு பக்கம், படையல் சாராயக் குப்பி ஒரு பக்கம். நான் தள்ளி நின்னு புல்லட்டோட பழைய டேங்க் பேட்ஜை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தேன். ஒரு லாரி டிரைவர் பக்கத்துல வந்து, "கும்பிடாமப் போகாதே, மேல இன்னும் ரொம்ப தூரம் இருக்கு"ன்னார். எங்க ஊர்ல இதெல்லாம் கிடையாதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பல்லவன் சாலை பாடிகார்டு முனீஸ்வரர் ஞாபகம் வந்துடுச்சு. அவருக்கும் சாராயம், சுருட்டுதான் படையல். என் போலோ ஷோரூம்ல இருந்து நேரா அங்கதான் போச்சு, அம்மா விடலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்ச போட்டோ போன்ல இருந்தது, காட்டினேன். அவர் அதை வாங்கித் தன் கிளீனர் பையனுக்குக் காட்டி, அந்தப் பையன் இன்னொரு டிரைவருக்குக் காட்டி, என் போன் திரும்பி வர்றதுக்குள்ள சிவப்பு தார் வாக்கி-டாக்கியில மூணு தடவை கத்திட்டார்.

சிவப்பு தார்

நாலு தடவை.

சேலம் இன்னோவா

ஓட்டினது நான், பக்கத்து சீட்டுல வீட்டுக்காரர். முதல்ல இதைச் சொல்லிடறேன், ஏன்னா வழியில எல்லா பெட்ரோல் பங்க்லயும் பில்லை அவர்கிட்டதான் நீட்டினாங்க.

பலோதி பக்கத்துல கீச்சன் கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து குளிருக்கு வர்ற சின்னக் கொக்குகள், ஊர்ப்பேச்சுல குர்ஜா. காலையில வேலி போட்ட ஒரு முற்றத்துல தானியம் கொட்டி வைக்கிறாங்க, ஊரே சேர்ந்து பல வருஷமா பண்ற வேலை. 2025ல கீச்சனை ராம்சர் தலமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிச்சாங்க. இதெல்லாம் படிச்சுட்டுத்தான் போனேன். ஆனா அந்தச் சத்தத்துக்கு நான் தயாரா இல்லை. இருட்டு பிரியறப்ப எங்கேயோ தூரத்துல சந்தைக்கடை கூடின மாதிரி ஒரு இரைச்சல். அது நெருங்கி நெருங்கி நம்ம தலைக்கு மேல வந்துடுது.

ஒரு அம்மா தன் வீட்டு மொட்டை மாடிக்கு எங்களைக் கூப்பிட்டாங்க. குளிருக்குப் போத்தியிருந்த கம்பளியை உதறிக்கூட விடலை, கொக்கு பறந்துடும்னு கையைப் பிடிச்சாங்க. பைனாகுலர்ல பார்த்தா சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து, சிவப்புக் கண்ணு, கண்ணுக்குப் பின்னால காதோரம் தொங்கற வெள்ளைக் குஞ்சம். இறங்கறப்ப காலை முன்னால நீட்டித் தத்தித் தத்தி நிக்குது. ஒரு குழு தின்னு முடிக்கிறவரைக்கும் அடுத்த குழு வேலிக்கு வெளியே காத்துட்டு நிக்குது. நம்ம ஆளுங்க டோல்கேட்ல அப்படி நின்னு நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்குக் கொக்கைவிட எங்க வண்டி மேலதான் ஆசை. கீழே வந்ததும் டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து ஸ்டீரிங்கைப் பிடிச்சுப் பார்த்தாங்க. "பொம்பளை இவ்ளோ தூரம் ஓட்டலாமா"ன்னு கேக்கலை. "கிளட்ச் காலை வலிக்காதா"ன்னு கேட்டாங்க.

இன்னொண்ணு, ஜெய்சால்மர் பக்கத்துல இருக்கிற குல்தரா. நிறைய பேர் அதைப் பேய் ஊருன்னே எழுதறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பாலிவால் பிராமணர்கள் விட்டுட்டுப் போன ஊர். திவான் சலீம் சிங் கொடுமைன்னு ஒரு கதை, தண்ணி வத்திடுச்சுன்னு ஒரு ஆய்வு, நிலநடுக்கம்னு இன்னொண்ணு. கைடு சாபம், பேய்னு ஆரம்பிச்சப்ப நான் நழுவிட்டேன். கொஞ்ச தூரத்துல ஒரு விவசாயி கோதுமை வயல்ல நின்னுட்டு இருந்தார். பாலைவனத்துல கோதுமை! கேட்டா, அது கடீன். சரிவுல ஓடி வர்ற மழைத் தண்ணியை மண் கரை கட்டித் தடுத்து நிறுத்தறாங்க. தண்ணி மண்ணுக்குள்ள இறங்கினதும், அந்த ஈரத்துலயே விதைக்கிறாங்க. பாலிவால்கள் கைதேர்ந்த வித்தை அது. ஊர் காலி ஆனாலும் கரை இன்னும் வேலை பார்க்குது. கைடு இதைச் சொல்லவே இல்லை.

சிவப்பு தார்

என் பங்கு சின்னது. பொக்ரான்ல டீக்கடை. எங்கிருந்துன்னு கேட்டார் கடைக்காரர், தமிழ்நாடுன்னதும் "கலாம் சாப்!"னு சொல்லி எழுந்து நின்னுட்டார். 1998 மே மாசம் இங்க நடந்த அணுகுண்டுச் சோதனைக்கு முன்னாடி கலாமும் கூட இருந்தவங்களும் ராணுவ உடுப்புலதான் நடமாடினாங்க. மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்ங்கிறது கலாமுக்கு வெச்ச பேர். அதனால அப்ப யாருக்கும் யாருன்னே தெரியாதுங்கறது கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆள் தன் அப்பா கடையில டீ குடிச்சிருக்கலாம்னு நம்பறார். நான் மறுக்கலை. டீ நல்லா இருந்துச்சு.

மதுரை ஜிம்னி

நம்ம கதை குரியில. மணல்ல ஏறணும்னு தங்குற இடத்துக்காரர்கிட்டச் சொன்னோம்ல, அவர் கூட்டிட்டு வந்தவரு ஒரு ஒட்டகக்காரப் பெரியவரு. கார் ஓட்டத் தெரியாது, சைக்கிளும் தெரியாதாம். இவரா நமக்கு வழிகாட்டின்னு தார் அண்ணன் என்னைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன்.

டயர்ல காத்தை 30லேருந்து 16க்கு இறக்கிட்டு இருந்தோம். பெரியவரு குத்தவச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. டயர் அடியில புடைச்சு அகலமானதும் சிரிச்சிட்டு, தன் ஒட்டகத்தோட முன்னங்காலை மடக்கி உள்ளங்காலைக் காட்டினாரு. அகலமா, மெத்துன்னு ஒரே திண்டு, முன்னால ரெண்டு நகம். எடை வச்சா விரியும், தூக்கினா சுருங்கும். யூடியூப்ல எத்தனை வீடியோ பார்த்தேன்யா, ஒருத்தனும் இவ்வளவு தெளிவாச் சொல்லலை.

அப்புறம் பாடம். வெயில் ஏறுறதுக்குள்ள ஏறி இறங்கிரணும், ராத்திரிக் குளுருல மணல் இறுகியிருக்கும், மத்தியானம் இளகிரும். காத்தடிக்கிற பக்கச் சரிவுதான் கெட்டி. மறுபக்கம் பொடி, கால் வச்சா முழங்கால் வரைக்கும் போகும். உச்சிக்கு முதல்ல நடந்து போய் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்த்துட்டு வந்துதான் வண்டி. நிறுத்துறதா இருந்தா மூக்கு பள்ளத்தைப் பார்க்கணும், பிரேக்கை மிதிக்காம தானா நிக்க விடணும். இந்தக் கடைசி ரெண்டும் தார் அண்ணன் சொன்னது. பெரியவரு "அதேதான், ஒட்டகத்தையும் ஏத்தத்துல நிறுத்தக் கூடாது"ன்னு ஆமோதிச்சாரு.

ஒரு பக்கம் மட்டும் விடவே மாட்டேன்னுட்டாரு. பார்க்க லேசான மேடு, ஏறச் சுலபம். ஆனா அங்கங்க சேவன் புல்லு கொத்துக் கொத்தா. மாட்டுக்கு அதுதான் சோறு, அதுல சக்கரம் ஏறக் கூடாது. அதுக்கும் அப்பால தேசியப் பூங்கா நிலம், கோடாவண் இருக்கிற இடம். நம்ம கானமயில்தான், ஒரு காலத்துல தமிழ்நாட்டுலயும் இருந்துச்சு. இப்ப காட்டுல மொத்தமே 200க்குக் கீழதாங்கறாங்க. அதுக்கு நேர் எதிர்ல இருக்கிறது சரியாத் தெரியாதாம், கரண்டுக் கம்பியில மோதிச் செத்துருது. ஜெய்சால்மர் பூராவும் நாம காத்தாடி, காத்தாடின்னு காற்றாலையைப் போட்டோ எடுத்தோமே, அதுலேருந்து போற கம்பியும் அதுல சேர்த்தி. பறவையைப் பார்க்கலை. பார்த்தேன்னு யாராவது எழுதினீங்கன்னா போட்டோவோட வாங்க.

லோங்கேவாலாவுல நிக்கிற டாங்கியைப் பார்த்தப்ப பெரியவரைத்தான் நினைச்சேன். 1971 டிசம்பர் 4 ராத்திரி, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் சுமார் 120 பேரும் பாகிஸ்தான் டாங்கிப் படைக்கு எதிரா விடியிற வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க. வெளிச்சம் வந்ததும் ஜெய்சால்மர்ல இருந்து ஹண்டர் விமானங்க. அதுக்கு முன்னாடியே பாதையை விட்டு விலகின டாங்கிங்க பல மணல்ல மாட்டிக்கிச்சு.

வேலூர் ஸ்கார்பியோ

தனோட் கோயில்ல தமிழ் ஜவான் ஒருத்தரைப் பார்த்தோம், ஆரணிப் பக்கம். அங்க பூஜை முதல் எல்லாமே எல்லைப் பாதுகாப்புப் படைதான் கவனிக்குது. 1965 பாகிஸ்தான் போர்ல விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. அதைப் பார்த்துட்டு நின்னப்பதான் பின்னால "அண்ணே, நம்ம ஊரா?"ன்னு குரல்.

ஊர், வீடு, அம்மா சமையல்னு பேசுவார்னு நாங்க எதிர்பார்த்தோம். அவர் நேரா பார்க்கிங்குக்கு வந்து, ஒவ்வொரு பானெட்டாத் திறக்கச் சொன்னார். லீவுல போறப்ப பழைய வண்டி ஒண்ணு எடுக்கப் போறாராம். டீசலா பெட்ரோலா, 80,000 கிலோமீட்டர் ஓடின வண்டியை வாங்கலாமா, ரீபெயிண்ட் பண்ணியிருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது. நம்ம சங்கத்துல இதைக் கேட்டா விடுவாங்களா? எல்லைக்குப் பக்கத்துல, குண்டுகளுக்கு எதிர்க்க, டீசல் கட்சிக்கும் பெட்ரோல் கட்சிக்கும் ஒரு பெரிய சண்டை. கடைசியில அவர் டியூட்டிக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டார். என்ன முடிவு எடுத்தார்னு தெரியலை. என் ஓட்டு டீசலுக்கு.

சேலம் இன்னோவா

வருஷத்துக்கு ஒரு மாசம் லீவுல ஓட்டப் போறவருக்கு எதுக்கு தம்பி டீசல்? பெட்ரோல்தான்.

சென்னை போலோ

இங்கயும் ஆரம்பிச்சுடாதீங்க. ராம்கர் பங்ச்சர் கடைக்காரரை யாரும் சொல்லலையே. எனக்குக் குத்தினது சீமைக் கருவேல முள்ளு, அங்கயும் அதே தொல்லைதான். நான் வழக்கமான கயிறு சொருகிடுவார்னு பார்த்தேன். மனுஷன் முள்ளை இடுக்கியால பிடிச்சு மெதுவா இழுத்தார், பாதியில உடைஞ்சது. விரல் நுனியால தடவிப் பார்த்துட்டுத் தலையை ஆட்டினார். டயரை ரிம்மை விட்டுக் கழட்டி, உள்பக்கம் டார்ச் அடிச்சு, முள்ளோட மீதித் துண்டை எடுத்து என் உள்ளங்கையில வெச்சுட்டு, அப்புறம் உள்ளேருந்து பேட்ச் ஒட்டினார். வால்வு ஒழுகுதான்னு எச்சிலைத் தொட்டு வெச்சுப் பார்க்கிறது மட்டும் நம்ம ஊர் மாதிரியே. காசு கொஞ்சம் கூடத்தான் வாங்கினார். வாங்கட்டும், வீடு வரைக்கும் காத்து குறையலை.

கோவை டஸ்டர்

கடைசியா பார்மர் பக்கம், 925ஏ நெடுஞ்சாலை, சாத்தாவுக்கும் காந்தவுக்கும் நடுவுல விமானம் இறங்கற 3 கிலோமீட்டர் நீட்டு ரோடு. 2021 செப்டம்பர் 9ல ராஜ்நாத் சிங்கும் நிதின் கட்கரியும் விமானப்படை ஹெர்குலிஸ் விமானத்துல வந்து இறங்கித் திறந்து வெச்சது. நம்ம ஆளுகளுக்கு அங்க கை துறுதுறுங்காதா? வாக்கியில தார் அண்ணன் "80க்கு மேல யாரும் போகக் கூடாது"ன்னார். பதிலே வரலை. அப்ப முன்னாடி நட்டநடுவுல ஒரு பால்காரர், ரெண்டு பக்கமும் கேன் தொங்க, 30ல போயிட்டு இருந்தார். அத்தனை வண்டியும் அவர் பின்னாடியே வரிசையா ஊர்ந்துச்சு. ஓரமா நிறுத்தி போட்டோ எடுக்க ஆரம்பிச்சதும் அவரே திரும்பி வந்து திட்டினார்: பிளேன் வருசத்துக்கு என்னைக்கோ வருது, இந்தப் போட்டோக்காரனுங்க தினம் வர்றானுங்க.

வராத ஸ்விஃப்ட்

அடுத்த தடவை என் ஸ்விஃப்ட்ல வரலாமா அண்ணே? நாலு சக்கர டிரைவ் கட்டாயமா?

கோவை டஸ்டர்

வாங்க. தனோட் வரைக்கும் நல்ல தார் ரோடுதான், போலோவே சுத்தி வந்துச்சு. காத்தடிச்சா மணல் ரோட்டு மேல நாக்கு நீட்டிக் கிடக்கும், அங்க மட்டும் வேகத்தைக் குறைச்சு ஸ்டீரிங்கை நேராப் பிடிச்சாப் போதும். மணல்மேட்டுக்கு ஜிம்னியிலயோ தார்லயோ ஏறிக்கலாம். காத்தடிக்கிற பம்ப், இழுக்கற கயிறு, ஸ்டெப்னி சரியா இருக்கணும். ராம்கர்லயே டேங்கை நிரப்பிக்குங்க. இருட்டினதுக்கப்புறம் ஓட்டக் கூடாது, நீல்காய் மான் எந்தப் பக்கமிருந்து பாயும்னு சொல்ல முடியாது. புள்ளைங்களுக்கு லீவுன்னு மே மாசம் மட்டும் கேக்காதீங்க. 2016 மே மாசம் பலோதியில 51 டிகிரி அடிச்சிருக்கு.

வராத ஸ்விஃப்ட்

டிசம்பர்?

சிவப்பு தார்

கடைசி வாரம் ஜெய்சால்மர்ல ரூம் கிடைக்காது. ஜனவரி பொங்கல் முடிஞ்சு கிளம்பலாம், இப்பவே லீவு சொல்லி வையுங்க.