"கர்த்தர் எனக்குக் காட்டினார்"னு சொல்லி வந்த வரன்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

மலைப்பாதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை வீட்டுக்கு வெளிய யார்கிட்டயும் பேசல, ஆனா இன்னும் மனசுல முள்ளு மாதிரி இருக்கு, அதான் எழுதறேன். சபையில தெரிஞ்ச ஆன்ட்டி மூலமா வந்த சம்பந்தம். பையன் இரட்சிக்கப்பட்டவர், வாலிபர் ஊழியம் செய்றார், வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. முதல் தடவை போன்ல பேசினோம். நான் என்ன செய்றேன், எப்படி ஆண்டவரை ஏத்துக்கிட்டேன், எதுவுமே கேட்கல. எடுத்த எடுப்புல "சிஸ்டர், கர்த்தர் எனக்கு உங்களைக் காட்டிட்டார், நீங்க ஜெபிச்சு கன்ஃபர்ம் பண்ணா போதும்"னார். நான் "எனக்கு இன்னும் ஒண்ணும் காட்டலையே பிரதர், கொஞ்சம் பேசிப் பார்ப்போமா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் கோபமே இல்லாம ரொம்ப மெதுவா சொன்னார், "உங்களுக்கு ஆண்டவர் சத்தத்தைக் கேட்டுப் பழக்கம் இல்ல போல, பரவால்ல, கல்யாணத்துக்கு அப்புறம் நான் சொல்லித்தரேன்."

திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன். எனக்கும் தேவனுக்கும் நடுவுல அவர் வந்து உட்கார்ந்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அப்பாகிட்ட சொன்னேன், அப்பா ஒரு வார்த்தை கேட்காம வேண்டாம்னு சொல்லிட்டார். ஆனா அந்த ஆன்ட்டி இப்பவும் ஆராதனை முடிஞ்சு கை கொடுக்கும்போது "தேவசித்தத்தை மிஸ் பண்ணிடாதம்மா"ம்பாங்க. உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா? என்ன பதில் சொன்னீங்க?

சீலோவாம்:
சிஸ்டர், அடுத்த தடவை அந்த ஆன்ட்டிகிட்ட ஆதியாகமம் 24 படிக்கச் சொல்லுங்க. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பொண்ணு பார்க்க அனுப்பின ஊழியக்காரன் கர்த்தர்கிட்ட அடையாளம் கேட்டான்தான், ஆனா என்ன அடையாளம் கேட்டான்னு பாருங்க. தண்ணி கேட்டா "உன் ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன்"னு சொல்ற பொண்ணு. கூட இருந்தது 10 ஒட்டகம், தாகமா இருக்கிற ஒரு ஒட்டகம் 100 லிட்டர் கூட குடிக்கும், அதை ஒரு பொண்ணு குடத்துல மொண்டு மொண்டு ஊத்தணும், அதுவும் யாருன்னே தெரியாத ஆளுக்கு. அது வானத்துல இருந்து விழற அடையாளம் இல்ல, அவ குணத்தைப் பார்க்கிற அடையாளம். அப்பவும் அவன் உடனே முடிவு பண்ணிடல, அவ வார்த்து முடிக்கிற வரைக்கும் பேசாம பார்த்துட்டே இருந்தான்னு எழுதியிருக்கு. கடைசியில வீட்டுக்காரங்க எல்லாம் "இது கர்த்தரால வந்த காரியம்"னு ஒத்துக்கிட்ட பிறகும், அந்தப் பொண்ணு ரெபெக்காளைக் கூப்பிட்டு "நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா"ன்னு கேட்டாங்க. கர்த்தர் காட்டினார்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகும் அவகிட்ட கேட்டாங்க.

இதை நான் சும்மா சொல்லல. எனக்குப் பார்த்த ஒரு பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தோம். நான் கேட்ட எல்லாத்துக்கும் அவங்க அம்மாதான் பதில் சொன்னாங்க, சபையில என்ன பண்றீங்கன்னாலும் அம்மா, எந்த வசனம் பிடிக்கும்னாலும் அம்மா. தனியா பேசணும்னு கேட்டு பேசினேன். "உங்களுக்கு இதுல விருப்பமா"ன்னு கேட்டேன், அவங்க மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்துட்டு "வீட்டுல சொன்னா சரி"ன்னாங்க. கை நடுங்கிட்டு இருந்துச்சு. பழி அவங்க மேல விழக்கூடாதுன்னு எனக்கு இப்ப கல்யாணத்துக்கு நேரம் சரியில்லன்னு எங்க பக்கத்துல இருந்தே சொல்லிட்டோம். அதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனாங்கன்னு தெரியல, இப்பவும் ஜெபத்துல வருவாங்க.

நெகேமியா_மதில்:
எல்லாரும் சம்பவத்தைச் சொல்றீங்க, ஆனா எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு யாரும் சொல்லல. எங்க தங்கச்சிக்குப் பார்த்தப்போ ஒரு பையன் வந்தார், எல்லாம் ஒத்து வந்துச்சு, கடன் இருக்கான்னு கேட்டேன், "அதெல்லாம் விசுவாசத்துல பார்த்துக்கலாம் அண்ணா"ன்னார். அங்கயே நிறுத்திட்டோம். அவ்வளவுதான் என் கதை.

இப்ப கல்யாணத்துக்குக் காத்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குச் சொல்றேன், 1 தெசலோனிக்கேயர் 5:21 "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்"னு சொல்லுது, அது தீர்க்கதரிசனத்தை அற்பமா எண்ணாதேன்னு சொன்னதுக்கு அடுத்த வசனம். அதனால சோதிக்கறது அவிசுவாசம் இல்ல, கீழ்ப்படிதல். பணத்தைப் பத்தி கேளுங்க, கடன் எவ்வளவு, எதுக்கு வாங்கினது, யார் பேர்ல இருக்கு. உடம்பைப் பத்தி கேளுங்க, தொடர்ந்து மருந்து எடுக்கிறாங்களா, மறைக்கிற வியாதி இருக்கா, அது இருந்தா வேண்டாம்னு சொல்ல இல்ல, தெரிஞ்சு ஒப்புக்கொடுக்க. கடைசியா யார்கிட்ட மன்னிப்பு கேட்டீங்கன்னு கேளுங்க, இது ரொம்ப முக்கியம், ஒரு பேரும் ஞாபகம் வரலைன்னா நல்லா யோசிங்க. குடி, ஆபாசப் படம், பழைய உறவு இதெல்லாம் வெட்கப்படாம பேசுங்க, இன்னைக்குப் பேச வெட்கம்னா நாளைக்கு வாழ்க்கை முழுக்க பேச மாட்டீங்க. கல்யாணத்துக்கு அப்புறம் எந்த சபை, தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு சபைக்குக் கொடுக்கிறது), பிள்ளைங்களை எப்படி வளர்க்கிறது, அவங்க அப்பா அம்மாவை யார் பார்த்துக்கிறது, எல்லாம். நீதிமொழிகள் 22:24 கோபக்காரனுக்குத் தோழனாகவே வேண்டாம்னு சொல்லுது, அப்போ புருஷனா எப்படி? முக்கியமா அவிசுவாசின்னா பேச்சே கிடையாது, 2 கொரிந்தியர் 6:14 தெளிவா இருக்கு, "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக." அங்க போய் காதல்னு கண்ணைக் கட்டிக்கிட்டு அப்புறம் அழறவங்களை நான் நிறைய பார்த்துட்டேன்.

ஒலிவக்கிளை:
நெகேமியா அண்ணா, கேள்விங்க எல்லாம் நல்லா இருக்கு, ஆனா கடைசி வரியைப் படிச்சுட்டு சும்மா போக முடியல. என் கணவர் விசுவாசி இல்ல. 6:14ல பவுல் கல்யாணம்ங்கிற பேச்சையே எடுக்கல, அங்க பேசறது விக்கிரகங்களோட உள்ள ஐக்கியத்தைப் பத்தி. கல்யாணத்தைப் பத்தி நேரா பேசற இடம் 1 கொரிந்தியர் 7, அங்க அவிசுவாசியான துணை கூட வாழச் சம்மதிச்சா தள்ளிவிடாதேன்னுதான் இருக்கு. என்னை மாதிரி இருக்கிறவங்களும் இதைப் படிப்பாங்க, நாங்க கண்ணைக் கட்டிக்கிட்டு விழுந்தவங்க இல்ல.

ஆனா கல்யாணம் ஆகாதவங்க கேட்டா நான் வேற மாதிரிதான் சொல்வேன். அதே 7ஆம் அதிகாரம் 39ல, புருஷன் இறந்தவ யாரை வேணாலும் கல்யாணம் பண்ணலாம், ஆனா "கர்த்தருக்குட்பட்டவனா" இருக்கணும்னு பவுலே சொல்றார். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஒரு நாள் என்னை சபைக்குப் போகாதன்னு சொன்னதில்ல, மழை பெஞ்சா அவரே கொண்டுவிடுவார். என் அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ராத்திரி டாக்டர் வந்து இனிமே எங்க கையில இல்லன்னு சொல்லிட்டுப் போனார். நான் வராண்டாவுல என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு "ஜெபம் பண்ணுங்க"ன்னு கேட்டேன், அந்த நேரத்துல எதுவுமே ஞாபகம் இல்ல, வாயில வந்துடுச்சு. அவர் என்னைப் பார்த்தார், கண்ணு கலங்கிடுச்சு, "எனக்கு யார்கிட்ட பேசணும்னு தெரியலையேம்மா"ன்னார். ரெண்டு பேரும் அழுதோம். அவர் மேல ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த இடத்துல நான் தனியா இருந்தேன், அதை எந்த நல்ல குணமும் நிரப்பாது. காத்திருக்கிறவங்க அதைத் தெரிஞ்சு முடிவு எடுக்கட்டும், பயமுறுத்தி இல்ல.

நெகேமியா_மதில்:
சிஸ்டர், உங்களை மனசுல வச்சு எழுதல, வருத்தப்படாதீங்க. ஆனா 7ஆம் அதிகாரத்துல தள்ளிவிடாதேன்னு சொல்ற பகுதி ஏற்கனவே கல்யாணம் ஆனவங்களுக்கு எழுதினது, புதுசா நுழையறதுக்கு அனுமதி இல்ல. அதுல நான் மாற மாட்டேன்.

ஒலிவக்கிளை:
நானும் அதைத்தானே அண்ணா சொன்னேன். சொல்ற விதத்தை மாத்துங்கன்னுதான் கேட்கறேன்.

யாப்போக்கு:
ஞானஸ்நானம் எடுத்துட்டா சரியாகிடும்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன். எங்க சொந்தத்துல ஒரு அக்கா விரும்பின பையன், கல்யாணத்துக்கு முன்னாடி ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதிச்சார், எல்லாருக்கும் சந்தோஷம். தண்ணிக்குள்ள நிக்கிறார், போதகர் "இயேசு கிறிஸ்துவை உன் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொள்கிறாயா"ன்னு கேட்கிறார், அவர் போதகரைப் பார்க்கல, கரையில நிக்கிற அக்காவைப் பார்க்கிறார். அக்கா தலையாட்டினாங்க. அப்புறம் "ஆமா"ன்னார். அந்தத் தலையாட்டலை நான் கிட்ட நின்னு பார்த்தேன். அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி தண்ணியைப் பார்த்து, ஞானஸ்நானம் எடுக்க "எனக்கு என்ன தடை"ன்னு கேட்டப்போ, முழு இருதயத்தோட விசுவாசிச்சா தடையில்லன்னுதான் பிலிப்பு சொன்னான். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் சபைக்கு வரவே இல்ல. அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவர் அக்காவுக்குத்தான் ஆமான்னு சொன்னார், அதை இன்னைக்கு வரைக்கும் காப்பாத்தறார். தண்ணியில இறக்கினவங்க பொறுத்திருந்திருக்கணும். ஒரு வருஷம் கூட உட்கார்ந்து வேதம் படிச்சுட்டு, பொண்ணு இல்லன்னாலும் இவர் இயேசுவைப் பின்பத்துவாரான்னு பார்த்திருக்கணும்.

கூடாரம்:
நான் கத்தோலிக்க சபை, எங்க பக்கத்து விஷயம் ஒண்ணு சொல்லலாமா. கல்யாணத்துக்கு முன்னாடி ஃபாதர் ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு விசாரிப்பார். யாராவது கட்டாயப்படுத்தினாங்களா, ஏதாவது மறைச்சீங்களா, பிள்ளைங்க வேணும்னு நினைக்கிறீங்களான்னு எல்லாம் இருக்கும். சும்மா சடங்கு இல்ல, 1983 திருச்சபைச் சட்டப்படி (எண் 1103) வன்முறையாலோ பெரும் பயத்தாலோ கொடுத்த சம்மதம் செல்லாது. நான் உள்ள போனப்போ ஃபாதர் பேனாவை மூடி வச்சுட்டு "இப்ப எழுந்து போயிட்டா உன் வீட்டுல நான் பேசிக்கிறேன்"னார். எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்ல, நான் விரும்பிதான் கல்யாணம் பண்ணேன், ஆனா அதைக் கேட்டதும் அழுகை வந்துடுச்சு. அதுவரைக்கும் யாரும் எனக்கு அந்தக் கதவைத் திறந்து காட்டினதே இல்ல. சீலோவாம் சொன்ன அந்தப் பொண்ணுக்கு இப்படி ஒருத்தர் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மிருதுவான_ஓடை:
எனக்குப் பார்த்தவர் ஆராதனை நடத்துறவர். சந்திக்கிறதுக்கு முன்னாடி அவங்க சபைக்கே போய்ப் பார்க்கலாம்னு நானும் அண்ணனும் சொல்லாம போனோம். அப்படி ஒரு ஆராதனை, கண்ணீர் வந்துடுச்சு எனக்கு. முடிஞ்சதும் கிட்ட போய்ப் பேசலாம்னு நடந்தோம். மைக் நடுவுல கொஞ்சம் கீச்சுன்னு கத்தியிருந்துச்சு, அதுக்கு சவுண்ட் பாக்கிற பையனை, பதினஞ்சு வயசு இருக்கும், ஒயரைச் சுத்திட்டு இருந்தவனை, பல்லைக் கடிச்சுட்டு "உனக்கெல்லாம் யார்டா இந்த வேலை கொடுத்தா"ன்னார். குரல் உயரல. எங்களைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்து "பிரைஸ் த லார்ட்"னார். அந்தப் பையன் குனிஞ்ச தலையை நிமிரவே இல்ல. நாங்க வேண்டாம்னுட்டோம்.

நெகேமியா_மதில்:
ஒரு நாள் கோபத்தை வச்சு ஒரு ஊழியக்காரரை நியாயந்தீர்க்கிறது சரியா தங்கச்சி? மோசேயும் கோபப்பட்டார். பேசி, கேள்வி கேட்டுப் பார்த்திருக்கலாமே.

மிருதுவான_ஓடை:
அண்ணா, நான் அவரை நியாயந்தீர்க்கல, கல்யாணம் வேண்டாம்னுதான் சொன்னேன், ரெண்டும் வேற. நீங்க சொன்ன கேள்விங்க எல்லாத்துக்கும் அவர் சரியா பதில் சொல்லியிருப்பார், அவர் வேதம் நல்லா தெரிஞ்சவர். 1 சாமுவேல் 25ல நாபாலைப் பத்தி அவன் மனைவி அபிகாயிலுக்கு உண்மையைச் சொன்னது யாரு, வீட்டு வேலைக்காரன். இவர்கிட்ட யாரும் பேசவே முடியாதேன்னு சொன்னான். அவனுக்குத்தான் தினமும் தெரியும். அதனால யாராவது வரன் பார்க்கிறீங்கன்னா போதகர்கிட்ட விசாரிங்க, கூடவே அவங்களுக்குக் கீழ வேலை செய்றவங்க, சின்னப் பசங்க, வீட்டுல தங்கச்சி தம்பி இவங்ககிட்டயும் விசாரிங்க. நாங்க திரும்பிப் போறதுக்கு முன்னாடி அண்ணன் அந்தப் பையன்கிட்ட போய் "சவுண்ட் நல்லா இருந்துச்சுப்பா"ன்னார். அவன் முதல்ல அண்ணனைப் பார்க்கல, அந்த ஆராதனை நடத்துறவர் எங்க நிக்கிறார்னுதான் பார்த்தான்.