புதுப்பிப்பு: பத்மினிக்கு கார்பெட், கதவுப் பேனல் மாட்டியாச்சு

என் 1978 பிரீமியர் பத்மினி காரில், தரையின் நடுவே எழும்பி நிற்கும் கியர்பாக்ஸ் மேட்டின்மேல் புதுக் கார்பெட் சுருங்கிச் சுருங்கி நிற்கிறது, கதவின் உட்பக்கத்தை மூடும் பேனலும் உப்பிவிட்டது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டு வேலையும் முடிந்தது.

கார்பெட்டுக்கு, "நடு மேட்டிலிருந்து தொடங்குங்கள், ஓரத்தைக் கடைசியில் வெட்டுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது என் தப்பு. ஹேர் டிரையரால் சூடு காட்டி, இளகியதும் உள்ளங்கையால் அழுத்தினேன். சுருக்கம் போயே போச்சு. சீட் போல்ட் ஓட்டைக்கு மட்டும் டிரில் வைத்துவிடாதீர்கள். முதல் ஓட்டையிலேயே நூல் சுற்றிக்கொண்டு ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. நல்லவேளை, சீட்டுக்கு அடியில். மற்றதையெல்லாம் சால்டரிங் அயர்னால் துளைத்தேன். நைலான் உருகி ஓரம் தானே அடைபட்டது. நாற்றம் தாங்காது, கதவுகளைத் திறந்து வையுங்கள்.

பேனலில்தான் எதிர்பாராத விஷயம். குற்றம் பழைய பேனலின் ஹார்ட்போர்டில் இல்லை. கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகள் மண்ணால் அடைத்து, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கம்பியால் குத்தியதும் அரைச் சொம்பு சேற்றுத் தண்ணீர் வந்தது! அப்புறம் ஈரம் பேனலில் படாதபடி கதவின்மேல் பாலித்தீன் ஷீட் ஒட்டி, அதன் அடி ஓரத்தைக் கதவுக்குள் செருகினேன். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் புதுப் பேனலுக்கு நான்தான் 4 மி.மீ. பிளைவுட் கேட்டு வாங்கினேன். பழையது 3 மி.மீ.; புதுசு தடிமன் கூடியதால், பேனலைக் கதவில் பிடிக்கும் கிளிப் எட்டவில்லை. அந்த இடங்களில் மட்டும் பின்பக்கம் உளியால் செதுக்கியதும் சரியாக உட்கார்ந்தது. போன வார மழைக்கும் பேனல் காய்ந்தே இருக்கிறது.