பாலைக் காய்ச்சினா சத்து போயிடுமா?

வியாசர்பாடி டீச்சர்: நேத்து இங்க காசிமேட்டு அண்ணன் எழுதினதைப் படிச்சு எனக்குத் தூக்கமே வரலை. "பாக்கெட் பால்ல கலக்கிற வைட்டமின் காய்ச்சினா போயிடும், கறந்த பால்தான் பால்"னு. கலக்கறது ஏ, டி. ரெண்டும் கொழுப்புல கரையறது, கொதியில ஆவியாகாது. ஏ கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கொழுப்பை எடுக்கும்போது வைட்டமின் ஏ-யும் கூடவே போயிடறதாலதான் திரும்பச் சேர்க்கறாங்க. லிட்டருக்கு ஏ 270 முதல் 450 மைக்ரோகிராம், டி 5 முதல் 7.5.

காசிமேட்டான்: கணக்கெல்லாம் சரி டீச்சர். எங்க வீட்ல ஒரே பால் மூணு தடவை காயுது. காய்ச்சினா போயிடும். எங்க தாத்தா எருமை வெச்சிருந்தாரு, அந்தப் பாலைக் குடிச்சு வளர்ந்தோம்.

வியாசர்பாடி டீச்சர்: எருமைப் பாலைப் பச்சையாவா குடிச்சீங்க? பாத்திர ஓரத்துல ஏடு ஒட்டுதே, அதைச் சுரண்டிக் கழுவிக் கொட்டறீங்களே, சத்து போகுதுன்னா அந்த வழியாத்தான் போகுது!

தண்டையார்பேட்டை அம்மா: என் பொண்ணு ஆறாவது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தா வெளுத்துக் கிடக்கு. ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, தர்றாங்க. தினம் ரெண்டு டம்ளர் பால் தர்றேன், ரத்தம் ஏறலையே?

வியாசர்பாடி டீச்சர்: பால்ல இரும்பு இல்லாத மாதிரிதாம்மா. மாத்திரை போட்ட கையோட பாலோ டீயோ தராதீங்க, இரும்பு உடம்புல சரியா சேராது. நெல்லிக்காய் கொடுங்க, அதுல இருக்கிற வைட்டமின் சி இரும்பு உடம்புல சேர உதவும். டாக்டர்கிட்டயும் காட்டுங்க. சத்து சேர்த்த ரேஷன் அரிசியிலயும் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 இருக்கு.

ராயபுரத்தான்: அந்தப் பிளாஸ்டிக் அரிசியா? களைஞ்சா மிதக்குது!

வியாசர்பாடி டீச்சர்: பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவுல சத்தைக் கலந்து அரிசியாட்டம் அச்சுல வார்க்கறது. நூறு பங்கு அரிசிக்கு இது ஒரு பங்குன்னு கலக்கறது. பொறுக்கி எறியாதீங்க.

ராயபுரத்தான்: எல்லாம் தெரிஞ்சவங்க. போன வருஷம் தண்ணி லாரிப் பேச்சுலயும் எங்களைப் பேச விடலை.

வியாசர்பாடி டீச்சர்: அன்னிக்கு லாரி வரலைன்னு பொய் சொன்னது யாரு? எங்க தெருவே குடத்தோட நின்னுது.

காசிமேட்டான்: லாரியை விடுங்க. காய்ச்சினா போயிடும்.

வியாசர்பாடி டீச்சர்: போகாது!

தண்டையார்பேட்டை அம்மா: நெல்லிக்காயை அவ தொடவே மாட்டா. எலுமிச்சை ஜூஸ் போதுமா? யாராவது சொல்லுங்களேன்.

காசிமேட்டான்: மூணு தடவை காய்ச்சினா போயிடும்னுதான் நான் சொன்னேன்.